46,767 கோடியில் எங்கள் பள்ளிக்கு எவ்வளவு? – பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர், இயக்குநர்கள், நிதிப் பிரிவு அலுவலர்கள் அனைவருக்கும் வணக்கம்.

நான் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றின் மேலாண்மைக் குழுத் தலைவர். பிளஸ் டூ வரை படித்தவள். வீட்டில் தையல் வேலை. மகன் ஏழாம் வகுப்பு, மகள் மூன்றாம் வகுப்பு. இருவரும் அந்தப் பள்ளியில்தான் படிக்கிறார்கள். தலைவராவதற்கு முன்னால் இரண்டு வருடம், கொரோனாவுக்குப் பிறகு அரசு கொண்டுவந்த இல்லம் தேடிக் கல்வித் திட்டத்தில் தன்னார்வலராக எங்கள் தெருப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். யார்மீதும் புகார் சொல்ல இதை எழுதவில்லை. அடுத்த நிதியாண்டுக்கான மதிப்பீடுகள் உங்கள் மேசையில் தயாராகும் நேரம் இது. உங்கள் அலுவலகம் இருக்கும் சென்னை நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையிலிருந்து கண்ணுக்கு எட்டாத சில விஷயங்கள் எங்கள் பள்ளித் தாழ்வாரத்தில் தினமும் தெரிகின்றன. அவற்றைச் சொல்லிவிட்டு ஒன்று கேட்கலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

2025 மார்ச் 14 அன்று இரவு, ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டே செய்தி கேட்டுக்கொண்டிருந்தேன். காலையில் சட்டமன்றத்தில் படித்த நிதிநிலை அறிக்கையைப் பற்றிச் சொன்னார்கள். பள்ளிக் கல்விக்கு மட்டும் 46,767 கோடி ரூபாய். முந்தைய வருடம் அது 44,042 கோடி. 2021-22ல் 32,599 கோடியாக இருந்தது, நாலே வருடத்தில் பதினாலாயிரம் கோடிக்கு மேல் ஏறியிருக்கிறது. கேட்க நிறைவாக இருந்தது. பக்கத்தில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்த மகன் தலையைத் தூக்கி, "அம்மா, அதுல நம்ம ஸ்கூலுக்கு எவ்ளோ?" என்றான்.

எனக்குத் தெரியவில்லை. அந்த மாதக் கடைசி வெள்ளிக்கிழமை மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெரிய டீச்சரிடம் கேட்டேன். இருபத்தாறு வருடம் சர்வீஸ் போட்டவர். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "எனக்கும் தெரியாதும்மா. வரும்போதுதான் வந்திருக்குன்னு தெரியும்" என்றார்.

நான் எழுத வந்தது இதைத்தான். மானியக் கோரிக்கை எண் 43 என்று சட்டமன்றத்தில் வைக்கிறீர்கள், கொள்கை விளக்கக் குறிப்பு என்று கனமான புத்தகமே போடுகிறீர்கள். அதில் மாநிலம் முழுவதற்கும் கணக்கு இருக்கிறது. 112 பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளிக்கு இந்த வருடம் என்ன வரும், எப்போது வரும், போன வருடம் வந்தது எதற்குச் செலவாயிற்று என்று அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்கள் தெரிந்துகொள்ள அதில் வழி கிடையாது. அந்தக் கணக்கை எங்கள் பள்ளி வாசல் வரைக்கும் இறக்கிக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்டால் எனக்கே மனசு ஆறாது. காலை உணவுத் திட்டத்தை 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கினார்கள், முதலில் மாநிலத்தில் 1,545 பள்ளிகளில். அடுத்த ஆகஸ்டில் திருக்குவளையில் விரிவாக்கி, எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் கொண்டுவந்தார்கள். எங்கள் பள்ளிக்கு வந்தது அப்போதுதான். அது வரும்வரை, காலை இரண்டாவது பீரியடில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் எட்டு பத்து பேர் இருப்பார்கள். கல் உடைக்கப் போகிறவர்கள் வீடுகளில் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார்கள், பிள்ளை பழையசோறு இருந்தால் தின்னும், இல்லாவிட்டால் அப்படியே வரும். இப்போது எட்டேகால் மணிக்கு வாசலில் செருப்பு குவிந்து கிடக்கிறது. திங்கள் உப்புமா, செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல். சமைப்பது எங்கள் ஊர் மகளிர் குழுப் பெண்கள். "அக்கா, இன்னும் கொஞ்சம் சாம்பார்" என்று தட்டை நீட்டும் பிள்ளைக்கு அதன் பெயர் சொல்லி ஊற்றுகிறார்கள். இந்தத் திட்டத்தில் எங்கள் கண்முன்னால் நடக்காத செலவு ஒன்றும் இல்லை. அரிசி எத்தனை கிலோ வந்தது என்று சமையல்காரப் பெண்ணுக்குத் தெரியும், எத்தனை பிள்ளை சாப்பிட்டது என்று எனக்குத் தெரியும். ஊரே இதைத் தன்னுடையதாக நினைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மற்ற பணத்துக்கு அந்த வெளிச்சம் இல்லை. பள்ளி மானியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்ட விதிப்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு வருடம் 10,000, 100 வரைக்கும் 25,000, 250 வரைக்கும் 50,000, 1,000 வரைக்கும் 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம் ரூபாய். எங்களுக்கு 50,000. இந்த விவரமே ஒரு பயிற்சிக்குப் போயிருந்தபோது பக்கத்து ஊர் தலைவர் அக்கா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. சாக்பீஸ், பதிவேடு, மின்விளக்கு, பூட்டு, குழாய், சின்னச் சின்ன ரிப்பேர் எல்லாம் அதற்குள்ளேதான். பத்தில் ஒரு பங்கு சுகாதாரத்துக்கு.

ஒரு ஜூலை மாதம் எங்கள் பள்ளித் தண்ணீர் மோட்டாரின் கம்பிச்சுருள் (காயில்) எரிந்துவிட்டது. கழிவறைக்குத் தண்ணீர் இல்லை. ஆண் பிள்ளைகள் வேலி ஓரம் போய்விடுவார்கள். ஏழாவது எட்டாவது படிக்கும் பெண் பிள்ளைகள் என்ன செய்வார்கள்? முதல் நாள் தண்ணீர் குடிக்காமல் இருந்து பார்த்தார்கள். மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொருத்தியாக நின்றுவிட்டார்கள். ஒன்பது நாள். வருகைப் பதிவேட்டில் அந்த ஒன்பது நாளும் எட்டாம் வகுப்புப் பெண்கள் பக்கம் வரிசையாக 'வி' போட்டுக் கிடக்கிறது, இன்றைக்கும் எடுத்துக் காட்டலாம். காயில் கட்ட 3,800 ரூபாய். பெரிய டீச்சர் தன் கைக்காசைப் போட்டுச் சரிசெய்தார். மானியம் பிப்ரவரிக் கடைசியில் வந்தது. மார்ச் 31க்குள் செலவழித்துப் பயன்பாட்டுச் சான்று கொடுக்க வேண்டும், மிச்சம் இருந்தால் திரும்பிவிடும். அவர் ஜூலையில் வாங்கிய ரசீதை வைக்க முடியவில்லை, பணம் வருவதற்கு முந்தைய தேதி செல்லாது என்றுவிட்டார்கள். ஒரு மாதத்தில் அவசர அவசரமாகப் பெயின்ட் வாங்கினோம், நாற்காலி வாங்கினோம். சுவர் பளிச்சென்று ஆனது. டீச்சருக்கு 3,800 ரூபாய் போனது போனதுதான்.

பணம் எந்த இடத்தில் தங்கி நின்றது என்று எங்களுக்குத் தெரியாது. அதைத் துருவவும் நாங்கள் வரவில்லை. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே, "உங்கள் பள்ளிக்கு இந்த வருடம் 50,000, பாதி ஜூலையில், மீதி நவம்பரில்" என்று ஒரு காகிதம் வந்திருந்தால், ஊரில் யாரிடமாவது கைமாற்று வாங்கியாவது இரண்டாம் நாளே மோட்டாரைக் கட்டியிருப்போம். திருப்பித் தர முடியும் என்ற நம்பிக்கை இருந்தால் எங்கள் ஊரில் 3,800 ரூபாய் புரளாதா? வரும் பணத்தின் அளவு எவ்வளவு முக்கியமோ, அது எப்போது வரும் என்ற நிச்சயமும் அவ்வளவு முக்கியம்.

மகனோடு உட்கார்ந்து செய்தி கேட்ட அதே நிதிநிலை அறிக்கையில் 2,676 பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறை அமைக்க 65 கோடி என்று இருந்தது. பள்ளிக்குச் சுமார் இரண்டரை லட்சம் ஆகிறது. எங்களுக்கு ஐந்து வருடம் வரக்கூடிய மானியம் அது. திரை வேண்டாம் என்று சொல்லமாட்டேன், என் மகனுக்கும் அது வந்தால் சந்தோஷம். எங்களைக் கேட்டிருந்தால், இந்த வருடம் மோட்டாரும் தண்ணீர்த் தொட்டியும் என்று எழுதிக் கொடுத்திருப்போம். கேட்க வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. 2009ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவில்தான் மேலாண்மைக் குழு வருகிறது. பள்ளி வளர்ச்சித் திட்டத்தைக் குழு தயாரிக்க வேண்டும், அரசு தரும் நிதிக்கு அதுவே அடிப்படையாக இருக்க வேண்டும் என்று 22ஆம் பிரிவு சொல்கிறது. நாங்கள் ஒவ்வொரு மாதமும் கூடுகிறோம், தீர்மானம் போடுகிறோம், செயலியில் ஏற்றுகிறோம். ஏற்றிய தீர்மானத்துக்கு என்ன ஆயிற்று, எந்த வருட மதிப்பீட்டில் சேர்ந்தது, சேராமல் போனால் ஏன் என்று ஒரு வரிப் பதில் வந்தால் எங்களுக்கு எவ்வளவு தெம்பாக இருக்கும் தெரியுமா?

அடுத்து, சாதனை என்று எதைச் சொல்கிறோம் என்பதைப் பற்றி.

2025ல் பிளஸ் டூ தேர்ச்சி 95.03 சதவீதம். அரசுப் பள்ளிகள் மட்டும் 91.94. எங்கள் பக்கத்து வீட்டுப் பெண் அதில் ஒருத்தி. இன்று கல்லூரியில் இருக்கிறாள், புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது, அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள்தான். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020ல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்ததும், அடுத்த வருடம் அது பொறியியல், வேளாண்மை, சட்டம் என்று விரிந்ததும் எங்கள் ஊர்ப் பேச்சையே மாற்றியிருக்கிறது. "கவர்மென்ட் ஸ்கூல்ல போட்டா என்ன வரும்?" என்று கேட்ட மாமியார்கள் இப்போது அப்படிக் கேட்பதில்லை. இவை பெரிய காரியங்கள்.

ஆனால் பிளஸ் டூ தேர்ச்சி என்பது பன்னிரண்டாவது வருடத்தில் தெரியும் கணக்கு. எங்களிடம் இருக்கும் பிள்ளைகளுக்கு மூன்றாவது வருடத்திலேயே கதை திரும்பிவிடுகிறது.

இல்லம் தேடிக் கல்வியில் என் திண்ணைக்கு வந்த ஒரு பையனைச் சொல்கிறேன். அப்போது ஐந்தாம் வகுப்பு. நல்ல சூட்டிகை. மாட்டுச் சந்தைக்கு அப்பாவோடு போய் வந்தால் எந்த மாடு என்ன விலைக்குப் போனது என்று வரிசையாகச் சொல்வான். ஒருநாள் 'பொங்கல்' என்று பெரிதாக எழுதி வாசிக்கச் சொன்னேன். விரலை வைத்து, "பெ… ர… ங்கல்" என்றான். 'கொக்கு' எழுதினேன். "கெ… ரக்கு." ஒற்றைக் கொம்பு முன்னால் நிற்கிறது, பின்னால் நிற்கும் துணைக்காலை அவன் 'ர' என்று நினைக்கிறான். இரண்டும் சேர்ந்து ஒரே எழுத்து என்று அவனுக்குப் பிடிபடவே இல்லை. நாலு வருடம் வகுப்பில் உட்கார்ந்திருக்கிறான், ஒவ்வொரு வருடமும் அடுத்த வகுப்புக்குப் போயிருக்கிறான், ஐந்தாம் வகுப்புச் சமூக அறிவியல் புத்தகம் பையில் இருக்கிறது. கொம்பையும் காலையும் பச்சை, சிவப்பு என்று இரண்டு கலர் சாக்பீஸில் எழுதி, பதினைந்து நாள் அதையே செய்தோம். பதினாறாம் நாள் ரேஷன் கடைச் சுவரில் 'கோதுமை' என்று எழுதியிருந்ததைத் தானாக வாசித்துவிட்டு ஓடிவந்தான், "அக்கா, கோதுமை!" என்று. பதினைந்து நாள் வேலை அது, நாலு வருடமாக யாருக்கும் தெரியாமல் கிடந்தது.

இவன் ஒருத்தன் கதை என்று யாரும் ஒதுக்கிவிட முடியாது. 2022ல் பிரதம் தொண்டு நிறுவனம் நடத்திய ஏசர் என்ற கல்விக் கணக்கெடுப்பு நம் மாநிலக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசித்தவர்கள் 4.8 சதவீதம் என்றது. 2018ல் அது 10.2. கொரோனாவில் பள்ளி பூட்டிக் கிடந்த காலம் சேர்ந்த கணக்கு, அதை ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கணக்கெடுப்பை ஏற்க முடியாது என்று சொன்னவர்களும் உண்டு. சரி, நம் மாநிலத் திட்டக்குழுவே 2025 பிப்ரவரியில் 45,924 பள்ளிகளில் 9.8 லட்சம் பிள்ளைகளிடம் நடத்திய அடைவு ஆய்வு இருக்கிறதே. அதில் மூன்றாம் வகுப்பில் தெரியும் தெம்பு எட்டாம் வகுப்பில் இல்லை. நான் பார்ப்பதும் அதுதான். கீழ் வகுப்பில் அடிப்படை வாசிப்பும் கணக்கும் கற்றுத்தரும் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபிறகு உண்மையிலேயே மாற்றம் தெரிகிறது. என் மகளின் வகுப்பில் யார் அரும்பு, யார் மொட்டு, யார் மலர் என்று டீச்சருக்குத் தெரியும், அதற்கேற்பத் தனித்தனியாக உட்காரவைத்துச் சொல்லித்தருகிறார். 2025ல் ஆறு முதல் ஒன்பது வரைக்கும் பின்தங்கிய பிள்ளைகளுக்காக 'திறன்' இயக்கம் கொண்டுவந்தீர்கள். பின்தங்கிய பிள்ளையை ஒளிக்காமல் ஒத்துக்கொண்டதே ஒரு நல்ல தொடக்கம். என் திண்ணையில் உட்கார்ந்திருந்த பையனுக்கு அது அஞ்சு வருடம் முன்னாலேயே வந்திருக்கக்கூடாதா என்ற ஆதங்கம் மட்டும் இருக்கிறது.

அதனால்தான் கேட்கிறேன்: ஒவ்வொரு வருடமும் துறையின் இலக்கை, பிள்ளை அடுத்த படிக்குத் தயாராக இருக்கிறதா என்ற கேள்வியில் வையுங்கள். மூன்றாம் வகுப்பு முடிக்கும் பிள்ளை ஒரு பத்தியைத் தடுமாறாமல் வாசித்து, வாசித்ததைத் தன் வார்த்தையில் சொல்லுமா? ஐந்து முடித்து ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு வகுத்தலும் கடிகாரமும் தெரியுமா? எட்டு முடித்துப் பஸ் ஏறி உயர்நிலைப் பள்ளிக்குப் போகிற பிள்ளை, அங்கே கடைசி பெஞ்சில் ஒளிந்துகொள்ளாமல் இருக்கிற அளவுக்கு ஆங்கிலமும் கணக்கும் கையில் வைத்திருக்கிறதா? இந்த மூன்று இடத்தில்தான் எங்கள் ஊரில் பிள்ளைகள் கழன்றுகொள்கிறார்கள். ஒன்பதாம் வகுப்பில் நிற்கும் பையன் செங்கல் சூளைக்குப் போகிறான் என்றால், அவன் அன்றைக்கு நிற்கவில்லை. 'கொக்கு' வாசிக்கத் தெரியாதபோதே நின்றுவிட்டான், உடம்பு மட்டும் இத்தனை வருடம் வந்துபோயிருக்கிறது. மேற்படிப்புக்கும் வேலைக்கும் வழிகாட்டும் 'நான் முதல்வன்', 'உயர்வுக்குப் படி' போன்றவை எவ்வளவு நல்ல திட்டங்களாக இருந்தாலும் அவன் கைக்கு எட்டாது.

என் சித்தி மகள் அமெரிக்காவில் டெக்சாஸில் இருக்கிறாள். பேச்சுவாக்கில் இந்தப் பட்ஜெட் கதையைச் சொன்னேன். அவர்கள் பள்ளி மாவட்டத்துக்குத் தேர்தல் வைத்துத் தேர்ந்தெடுத்த வாரியம் இருக்கிறதாம். வருடத்து வரவு செலவை நிறைவேற்றுவதற்கு முன்னால் பொதுக்கூட்டம் வைத்தே ஆக வேண்டும், யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். 2019ல் அங்கே ஒரு சட்டம் வந்திருக்கிறது: ஒவ்வொரு மாவட்டமும் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்புக்கும் கணக்குக்கும், பள்ளி முடிப்பவர்கள் கல்லூரிக்கோ வேலைக்கோ ராணுவத்துக்கோ தயாராக இருப்பதற்கும், ஐந்து வருட இலக்கு வைத்து வருடாவருடம் எங்கே நிற்கிறோம் என்று ஊருக்குச் சொல்ல வேண்டும். அங்கே பாலும் தேனும் ஓடுகிறது என்று நினைத்துவிடாதீர்கள், பணம் பற்றாமல் ஆட்களைக் குறைக்கிறார்கள் என்று அவளும் புலம்பத்தான் செய்தாள். அவ்வளவு பணம் இருக்கிற ஊரிலும் முதல் இலக்கை மூன்றாம் வகுப்பில் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே என்பதுதான் என் மனதில் நின்றது.

வெளிநாடு வரைக்கும் போக வேண்டாம். நம் கிராம சபையிலேயே வழி இருக்கிறது. ஊராட்சியின் வரவு செலவைப் படிவம் 30ல் சுருக்கி, எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதி வைக்க வேண்டும் என்று விதி. எங்கள் ஊரில் அதை ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டுவார்கள். தெருவிளக்குக்கு எவ்வளவு, குடிநீருக்கு எவ்வளவு என்று படிக்கத் தெரிந்தவர்கள் படித்துச் சொல்ல, பாட்டிமார்கூடக் கேள்வி கேட்பார்கள். அந்த மாதிரி பள்ளிக்கும் ஒரு படிவம் கொடுங்கள். ஒரே பக்கம் போதும். பள்ளி மானியம், விளையாட்டுக்கு, நூலகத்துக்கு, பராமரிப்புக்கு, கட்டடத்துக்கு என்று இந்த வருடம் ஒதுக்கியது எவ்வளவு, வந்த தேதி என்ன, செலவு என்ன. அதன் கீழேயே மூன்று, ஐந்து, எட்டு வகுப்புகளில் எத்தனை பிள்ளை, அதில் எத்தனை பேர் அடுத்த படிக்குத் தயார். பிள்ளைகளின் பெயர் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். பணமும் படிப்பும் ஒரே காகிதத்தில் இருந்தால்தான் ஒன்றுக்கும் மற்றதுக்கும் உள்ள உறவு எங்களுக்குப் புரியும், உங்களுக்கும் புரியும். ஆகஸ்ட் 15 கிராம சபையில் அதை நானே வாசிக்கிறேன்.

தயவுசெய்து, இதற்காக ஆசிரியர்கள் தலையில் இன்னொரு செயலியை ஏற்றிவிடாதீர்கள். எங்கள் பள்ளியில் டீச்சர் ஒருவர் கைப்பேசியில் சிக்னல் தேடி வேப்பமரத்தடிக்குப் போய் நின்று விவரம் ஏற்றிக்கொண்டிருப்பார், உள்ளே மூன்றாம் வகுப்பு தானாகப் படித்துக்கொண்டிருக்கும். பள்ளி விவரங்களைச் சேர்த்து வைக்கும் உங்கள் எமிஸ் இணையதளத்தில் எங்கள் பள்ளியைப் பற்றி இல்லாத விவரமா? பணம் விடுவிக்கும் விவரமும் உங்களிடமே இருக்கிறது. இரண்டையும் சேர்த்து நீங்கள் அச்சடித்து அனுப்பினால் போதும்.

அந்தப் படிவத்தில் ஒரு வரியை மட்டும் தனியாகப் பார்க்கச் சொல்வேன். கழிவறை கழுவும் அம்மாவுக்கு எங்கள் பள்ளியில் மாதம் 1,500 ரூபாய். நாளுக்கு ஐம்பது ரூபாய். பினாயில், பிளீச்சிங் பவுடருக்குத் தனியாக மாதம் 400. பல வருடங்களுக்கு முன்னால் வைத்த தொகை இது. அதுவும் இரண்டு மூன்று மாதம் சேர்ந்துதான் வரும். அறுபதைத் தொட்ட அம்மா, முட்டிவலி. "பேத்தி இங்கதானே படிக்குது, அதுக்காக வர்றேன்" என்கிறார். 112 பிள்ளைகளின் ஆரோக்கியம் அவர் பேத்திப் பாசத்தை நம்பி நிற்கிறது. 46,767 கோடியில் இந்த 1,500 எங்கே இருக்கிறது, எந்தத் துறையின் கணக்கில் இருக்கிறது என்றுகூட எனக்கு யாரும் சொல்ல முடியவில்லை. ஓவியம், உடற்கல்வி, கணினி சொல்லித்தரும் பகுதிநேர ஆசிரியர்கள் கதையும் கிட்டத்தட்ட இப்படித்தான். 2012ல் 5,000 ரூபாய்க்கு வந்தவர்கள், பன்னிரண்டு வருடம் கழித்து 2024ல்தான் 12,500ஐத் தொட்டார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு ஓட்டப்பந்தயம் கற்றுத்தருகிறவர் மாலையில் பெட்ரோல் பங்கில் வேலை பார்க்கிறார்.

ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்கு மத்திய அரசிடமிருந்து வர வேண்டிய 2,152 கோடி 2024-25ல் வரவில்லை என்று நிதிநிலை அறிக்கையிலேயே சொன்னீர்கள். பிஎம் ஸ்ரீ என்ற மத்திய அரசின் மாதிரிப் பள்ளித் திட்டத்தில் கையெழுத்துப் போடாததற்காக நிறுத்திவிட்டார்கள், மாநிலம் தன் பணத்தைப் போட்டுத் தாங்குகிறது, உச்ச நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறது. இதில் எங்கள் ஊர் உங்கள் பக்கம்தான். பிள்ளைகளுக்கான பணத்தைப் பிடித்துவைப்பதை எந்தத் தாயும் ஒப்பமாட்டாள். அப்படிப் பணம் குறைகிற வருடத்தில் எங்கள் பள்ளிக்கு எது வரும், எது தள்ளிப்போகும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வராத பணத்தையும் அந்தப் படிவத்தில் எழுதுங்கள். "இவ்வளவு வர வேண்டியது, வரவில்லை" என்று கண்ணால் பார்த்தால் ஊர் புரிந்துகொள்ளும், பழைய மாணவர்கள் கை கொடுப்பார்கள், மகளிர் குழு கடன் கொடுக்கும். தெரியாமல் இருப்பதுதான் எங்களை முடக்குகிறது.

ஊராட்சி ஒன்றியப் பள்ளி என்று இன்னும் பெயர்ப் பலகையில் இருக்கிறது. ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள் 1981ல் அரசு ஊழியர்கள் ஆனார்கள், அதனால் மாதம் பிறந்தால் சம்பளம் நிச்சயம் என்ற நிலை வந்தது, நல்ல காரியம். அதற்கும் முன்னால், காமராசர் காலத்தில், நெ.து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடு நடத்தினார்கள். எங்கள் பள்ளியின் பழைய ஓட்டுக் கட்டடம் அப்படி வந்ததுதான் என்று என் மாமனார் சொல்வார். யார் நிலம் கொடுத்தார், யார் உத்திரத்துக்கு மரம் கொடுத்தார் என்று அவருக்கு மனப்பாடம். அந்தத் தலைமுறைக்குப் பள்ளியின் கணக்கு வாயில் இருந்தது. பணம் நூறு மடங்கு கூடிய பிறகு எங்களுக்கு அது தெரியாமல் போனது எப்படி என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

எல்லாப் பள்ளிக்கும் ஒரே நாளில் செய்ய முடியாது என்பது எனக்கும் புரிகிறது. ஒரு மாவட்டத்தில், ஒரே ஒரு ஒன்றியத்தில் தொடங்கிப் பாருங்கள். வரும் ஜூனில் கொடுத்தால், அடுத்த மார்ச்சில் பயன்பாட்டுச் சான்றோடு குழுவின் கையெழுத்தும் வைத்துத் திருப்பித் தருகிறோம். எங்கள் ஒன்றியத்தையே எடுத்துக்கொண்டாலும் சந்தோஷம்தான், பக்கத்து ஊர்த் தலைவர்கள் பதினோரு பேரிடம் பேசிவிட்டேன், அத்தனை பேரும் சரி என்றார்கள்.

சத்துணவுக் கூடத்துக்குப் பக்கத்துச் சுவரில் ஆறுக்கு நாலடி இடம் விட்டு வைத்திருக்கிறோம். கரும்பலகைப் பெயின்ட் அடித்து, மேலே பள்ளியின் பெயரும் வருடமும் எழுதியாயிற்று. எழுதியது என் திண்ணைக்கு வந்த அந்தப் பையன், இப்போது எட்டாம் வகுப்பு, கையெழுத்து அழகு. கீழே கட்டம் போட்டு 'ஒதுக்கீடு', 'வந்த நாள்', 'செலவு' என்று மூன்று தலைப்பும் போட்டுவிட்டான். எண்களை மட்டும் அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியின்
மேலாண்மைக் குழுத் தலைவர்